பால்கனி டெக்கைப் பளிச்சாக்குற கெமிக்கல்: எதை எதோட சேர்க்கக் கூடாது?

(எபிசோடின் ஆடியோவிலிருந்து, படிக்க வசதியாகத் தொகுக்கப்பட்டது.)

இந்த வாரம் உங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி பல விதமா வந்திருக்கு. "மழை முடிஞ்சுது. பால்கனியில போட்ட மர டெக் கறுத்துப் போய் வழுக்குது. ஆன்லைன்ல டெக் கிளீனர், வுட் பிரைட்னர்னு விக்கிறாங்களே, வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும். அதோட, அதைத் தொடப் போறது யார்னும் யோசிக்கணும். பல வீட்டுல டெக்கைக் கழுவப் போறது நாம இல்ல. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோ, அபார்ட்மென்ட் ஹவுஸ்கீப்பிங் அண்ணாவோ தான்.

நான் இருக்கிறது காக்களூர் பக்கம். புட்லூர், திருவள்ளூர் ஸ்டேஷன்களுக்குப் பக்கத்துல சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிற ஊர். இங்க ஒரு ஃபேக்டரிக்குள்ள ஆபத்தான கெமிக்கல் கேன் வந்தா, அது மேல பேர் இருக்கணும். கூடவே எஸ்.டி.எஸ். என்கிற பாதுகாப்புத் தகவல் தாளும் இருக்கணும். 1989-ல வந்த மத்திய அரசு விதிகள் அதைத்தான் சொல்லுது. அதே கெமிக்கல் பழைய தண்ணி பாட்டில்ல நம்ம வீட்டு சிங்க்குக்குக் கீழ வந்து உட்கார்ந்தா, இது என்னன்னு கேட்க ஆளே இல்ல.

முதல்ல, அந்தக் கறுப்பு என்ன?

டெக்கோட நிறம் மாறுறதுக்கு மூணு காரணம் இருக்கு. மூணுக்கும் மருந்து வேற வேற.

ஒண்ணு, வெயில். மரத்துல நார்களைப் பசை மாதிரி பிடிச்சு வெச்சிருக்கிற பொருளுக்கு லிக்னின்னு பேரு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் அதை உடைக்குது, மழை அதைக் கழுவிட்டுப் போகுது. மிச்சமாகிற நார் சாம்பல் நிறமாத் தெரியும். இது மேல்தோல்ல மட்டும் நடக்கிற விஷயம். மரம் கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேண்டாம்.

ரெண்டாவது, பூஞ்சையும் பாசியும். ஐப்பசி, கார்த்திகை மழையில வர்ற வழுக்கல் இதுதான்.

மூணாவது, இரும்புக் கறை. தேக்கு மாதிரி மரங்கள்ல டானின்னு ஒரு துவர்ப்புப் பொருள் இருக்கு. இரும்பு ஆணியோ, இரும்புச் சத்து அதிகமுள்ள போர் தண்ணியோ அதுல பட்டா நீலம் கலந்த கறுப்பு வரும். ஆணியைச் சுத்தி மை கொட்டின மாதிரி வட்டம் இருந்தா, அது இதுதான்.

எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. தண்ணி கலந்த லிக்விட் பிளீச்ல ஒரு சொட்டு எடுத்து, கறுப்பு மேல வைங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வெளுத்தா பூஞ்சை. வெளுக்கலன்னா இரும்புக் கறையா இருக்கலாம், வெறும் அழுக்காவும் இருக்கலாம். டெஸ்ட் முடிஞ்சதும் அந்த இடத்தை நல்லாத் தண்ணி விட்டுக் கழுவிடுங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இன்னொண்ணு. புது அபார்ட்மென்ட்கள்ல மர டெக்னு சொல்றதுல பாதி டபிள்யூ.பி.சி.யா இருக்கும், அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. அதுக்கு இந்தக் கெமிக்கல் எதுவும் முதல்ல தேவையில்ல. சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் போதும்.

டப்பாவுக்குள்ள என்ன?

டெக் கிளீனர்ல வழக்கமா இருக்கிறது மூணுல ஒண்ணு.

சோடியம் பெர்கார்பனேட்: வெள்ளைக் குருணை மாதிரி இருக்கும். தண்ணியில போட்டா ஹைட்ரஜன் பெராக்சைடாவும் சோடா உப்பாவும் பிரியும். நுரைச்சு அழுக்கைத் தூக்கும், பூஞ்சைக்கும் வேலை செய்யும். இருக்கிறதுலயே வீட்டுக்குச் சரியான சாய்ஸ் இதுதான். கரைச்சதை மூடின பாட்டில்ல சேத்து வைக்கக் கூடாது. ஆக்சிஜன் வந்துக்கிட்டே இருக்கும், பாட்டில் வீங்கி வெடிக்கும்.

சோடியம் ஹைப்போகுளோரைட்: வெள்ளைத் துணிக்குப் போடுற லிக்விட் பிளீச். பூஞ்சையைக் கொல்லும். ஆனா மரத்தோட நாரையும் அரிக்கும், ஸ்க்ரூவையும் துருப்பிடிக்க வைக்கும்.

காஸ்டிக் சோடா: பழைய வார்னிஷை உரிக்கிற ஸ்ட்ரிப்பர்கள்ல இருக்கும். கண்ணுல பட்டா ஆசிட்டை விட மோசம். ஆசிட் பெரும்பாலும் மேலாக நின்னுடும், காரம் திசுவைக் கரைச்சுக்கிட்டு உள்ளே போய்க்கிட்டே இருக்கும். வீட்டுல நீங்களா இதைத் தொட வேண்டாம்.

பிரைட்னர்னு விக்கிறது பெரும்பாலும் ஆக்ஸாலிக் ஆசிட். மார்பிள் பாலிஷ் போடுறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பொருள். இரும்புக் கறையைத் தண்ணியில கரையுற மாதிரி மாத்திடும். கிளீனர்ல இருக்கிற காரத்தால கறுத்த தேக்கையும் பழைய நிறத்துக்குக் கொண்டு வரும். அதனால வரிசை இதுதான்: முதல்ல கிளீனர், நடுவுல நிறையத் தண்ணி, அப்புறம் பிரைட்னர், மறுபடி நிறையத் தண்ணி.

நடுவுல ஏன் அவ்வளவு தண்ணி?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும்னா இது தான். பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். ஆக்ஸாலிக் ஆசிட்டா இருந்தாலும் சரி, பாத்ரூம் ஆசிட்டா இருந்தாலும் சரி, எலுமிச்சை சாறா இருந்தாலும் சரி. பிளீச்சிங் பவுடருக்கும் இதே கதை தான். 1915 ஏப்ரல் 22-ம் தேதி பெல்ஜியத்துல ஈப்ர் போர்முனையில ஜெர்மன் படை சிலிண்டர்கள்ல இருந்து திறந்து விட்டது இதே வாயுவைத்தான்.

குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு கனமானது. தரையோட தரையாத் தேங்கும். கண்ணாடி போட்டு மூடின பால்கனியில குனிஞ்சு உட்கார்ந்து தேய்க்கிறவங்க மூக்கு எங்க இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

துணி மாஸ்க், என்-95 ரெண்டுமே வாயுவைத் தடுக்காது. தொண்டை எரிஞ்சு இருமல் வந்தா எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு வெளிக்காத்துக்கு வந்துடுங்க. சரிபண்றேன்னு இன்னொரு கெமிக்கலை அதுல ஊத்தாதீங்க. மூச்சுத் திணறல் இருந்தா 108. கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சுன்னு தோணினாலும் டாக்டரைப் பாருங்க, நுரையீரல்ல நீர் கோக்கிறது சில மணி நேரம் கழிச்சுக் கூட வரும்.

என் யோசனை: பிரைட்னர் போடப் போறீங்கன்னா, அந்த டெக்ல பிளீச்சே வேண்டாம். பெர்கார்பனேட் போதும்.

வெள்ளைப் படிகம், சர்க்கரை இல்ல

ஆக்ஸாலிக் ஆசிட் பார்க்கச் சர்க்கரை, உப்பு மாதிரியே இருக்கும். உடம்புக்குள்ள போனா ரத்தத்துல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து படிகமாகி சிறுநீரகத்தை அடைக்கும். ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த ஒரு சலவைப் பொடியால தென்னிலங்கையில நேர்ந்த உயிரிழப்புகளை அங்கத்து மருத்துவர்கள் 2009-ல பதிவு செஞ்சிருக்காங்க. அதனால எவர்சில்வர் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில், தண்ணி பாட்டில் எதுலயும் மாத்தி வைக்காதீங்க. வாங்கின டப்பாவுலயே, லேபிளோட, குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க.

ஆசிட் விற்பனைக்கு 2013 ஜூலையில உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது, ஆசிட் வீச்சுக்கு எதிரான வழக்குல. கடைக்காரர் வாங்குறவங்க விவரத்தை எழுதி வைக்கணும், அடையாள அட்டை பார்க்கணும், 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் கொடுக்கக் கூடாது. பேர் இல்லாத பாட்டில்ல யாராவது "ஆசிட்"னு நீட்டினா, வாங்காம வந்துடுங்க.

செய்யுற முறை

காலையில 7 மணிக்கு ஆரம்பிங்க. மத்தியான வெயில்ல பலகை சுடும், கரைசல் காய்ஞ்சு திட்டுத்திட்டா நிக்கும்.

கைக்கு நைட்ரைல் கிளவுஸ், கண்ணைச் சுத்தி மூடுற கெமிக்கல் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ரப்பர் ஷூ. பவுடரை அளக்கும்போது மட்டும் என்-95, தூசிக்காக. பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது.

துளசித் தொட்டியையும் மத்த செடிகளையும் நகர்த்துங்க. நகர்த்த முடியாததை முன்னாடியே நல்லா நனைச்சு, பாலிதீன் போட்டு மூடுங்க. நாய், பூனை, குழந்தைங்க உள்ளேயே இருக்கட்டும். கீழ் வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க டெக்ல வழியுற தண்ணி அவங்க கொடியில காயுற துணி மேல தான் விழும்.

டெக்கை முதல்ல வெறும் தண்ணியால நனைங்க. பெர்கார்பனேட் லிட்டருக்கு 50, 60 கிராம், வெதுவெதுப்பான தண்ணியில. பாக்கெட்ல வேற அளவு போட்டிருந்தா அதையே பின்பற்றுங்க. 15 நிமிஷம் ஊற விட்டு, காயாம பார்த்துக்கிட்டு, நைலான் பிரஷ்ஷால நார் போற திசையில தேயுங்க. கம்பி பிரஷ் வேண்டாம், அதுல உதிர்ற இரும்புத் துணுக்கே புதுக் கறை போடும். அப்புறம் நுரை முழுக்கப் போற வரைக்கும் கழுவுங்க.

அடுத்து பிரைட்னர். பிளாஸ்டிக் வாளியில முதல்ல தண்ணி, அதுக்கு மேல பவுடர். இந்த வரிசை மாறக் கூடாது. லிட்டருக்கு 30 கிராம் போதும். யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்துல முதல்ல போட்டுப் பாருங்க. பிடிச்சிருந்தா மொத்தத்துக்கும் பூசி, 10 முதல் 20 நிமிஷம் விட்டு, நிறையத் தண்ணியில கழுவுங்க. சரியாக் கழுவாம காய விட்டு உப்புத்தாள் போட்டா அந்தத் தூசி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

கண்ணுல பட்டா குழாய்த் தண்ணியில 15, 20 நிமிஷம் விடாமக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு. யாராவது விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க, டாக்டருக்கு அந்தப் பேர் தான் முதல்ல வேணும். டெல்லி எய்ம்ஸ்ல தேசிய விஷத் தகவல் மையம் இருக்கு, நம்பர் 1800 116 117.

பேலட் கட்டையில டெக் போட்டவங்களுக்கு

தொழிற்பேட்டைகள்ல கழிச்சுப் போடுற பேலட்டை வாங்கி பால்கனி டெக் பண்றது இப்போ நிறைய நடக்குது. வாங்குறதுக்கு முன்னாடி, கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைத் தேடுங்க. ஏற்றுமதி மரக்கட்டைக்கான உலக முத்திரை அது. பக்கத்துல ஹெச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டிப் பூச்சி நீக்கினது. எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது வீட்டுக்கு வேண்டாம். ஹெச்.டி. முத்திரை இருந்தாலும் எண்ணெய்க் கறையோ கெமிக்கல் வாசனையோ இருந்தா விட்டுடுங்க. அந்தப் பேலட் மேல முன்னாடி என்ன கொட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது.

பச்சை சாயல் அடிக்கிற பழைய கட்டைன்னா இன்னும் கவனம். குரோமியம், தாமிரம், ஆர்சனிக் கலந்து மரத்தைப் பதப்படுத்துற முறை ஒண்ணு உண்டு. கண்டுபிடிச்சவர் நம்ம நாட்டுக்காரர், சோன்டி காமேசன், 1933-ல, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல. உலகம் முழுக்கப் பரவிச்சு. ஆர்சனிக் பயத்தால 2003 கடைசியோட அமெரிக்காவுல வீட்டு உபயோகத்துக்கு அதைப் பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. அந்தக் கட்டையில பிளீச் பட்டா குரோமியம் அதோட விஷ வடிவத்துக்கு மாறலாம், ஆக்ஸாலிக் ஆசிட் பட்டா உலோகங்கள் கரைஞ்சு வெளியே வரலாம். சோப்புத் தண்ணி மட்டும் போதும். தேய்க்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.

முடிஞ்ச பிறகு, அந்த எண்ணெய்த் துணி

டெக் ரெண்டு நாள் காய்ஞ்ச பிறகு ஆளி விதை எண்ணெய் மாதிரி ஏதாவது பூசுவீங்க. அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில போடாதீங்க. எண்ணெய் காத்தோட சேர்ந்து காயும்போது சூடு வரும், சுருட்டி வெச்சா அந்தச் சூடு வெளியே போகாது, தானாவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில பிலடெல்பியாவுல ஒன் மெரிடியன் பிளாசான்னு ஒரு 38 மாடிக் கட்டடம் எரிஞ்சது இப்படித்தான். மரப்பலகைக்கு எண்ணெய் போட்டவங்க விட்டுட்டுப் போன துணி. மூணு தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. துணியை விரிச்சு வெளியில காய வைங்க, இல்லன்னா தண்ணி நிரப்பின தகர டப்பாவுல முக்கி மூடுங்க.

எங்க ஊர்லயும் தீ என்ன பண்ணும்னு பார்த்திருக்கோம். 2024 மே மாசக் கடைசியில காக்களூர் தொழிற்பேட்டையில ஒரு பெயின்ட் ஃபேக்டரி எரிஞ்சு நாலு பேர் போயிட்டாங்க. அதுல ஒருத்தர் அங்க வேலை செஞ்சவர் கூட இல்ல, ரோட்டுல போய்க்கிட்டிருந்தவர். தின்னர், வார்னிஷ் டப்பாக்களை அடுப்பு, இன்வெர்ட்டர் பக்கத்துல அடுக்காதீங்க, மிஞ்சினதைச் சேத்தும் வைக்காதீங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க டெக்கை இன்னொருத்தர் கழுவப் போறாங்கன்னா, கிளவுஸும் கண்ணாடியும் வாங்கிக் கொடுக்கிறது உங்க பொறுப்பு. கெமிக்கல் பேரைத் தமிழ்ல ஒரு தாள்ல பெருசா எழுதி டப்பாவுல ஒட்டுங்க. "இதோட பிளீச் சேர்க்கக் கூடாது, அக்கா"ன்னு வாயாலயும் சொல்லிடுங்க. கூடவே நின்னு தண்ணி ஊத்திக் கொடுத்தா இன்னும் நல்லது.

சந்தேகம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, டப்பா லேபிள் ஃபோட்டோவையும் சேர்த்து. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.