தூசு மூடியும் வெப்பநிலையும்



வீடு கட்டும் இடமொன்றைக் கடந்து செல்லும்போது, கிறைண்டர் என்னும் மின்கருவியால் ஒருவர் கொங்கிறீற்றையோ கருங்கல்லையோ அறுத்துக்கொண்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். காதைத் துளைக்கும் ஒலியோடு வெண்புகை போன்றதொரு படலம் எழுந்து அவர் முகத்தை மறைக்கும். அது புகையன்று, தூசு. கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்னும் பொருளின் நுண்துகள்கள் அதில் நிறைந்திருக்கின்றன.

இத்துகள்களுள் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கும் அதற்குக் குறைந்தனவுமோ நுரையீரலின் அடிவரை சென்று படியும். படிந்த இடம் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிசு எனப்படும் இந்நோய்க்கு இன்றுவரை முழுமையான மருந்தில்லை. 1930ஆம், 1931ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்த தொழிலாளருள் நூற்றுக்கணக்கானோர் இந்நோயால் மாண்டனர். 2016ஆம் ஆண்டில் அந்நாடு விதித்த சட்டத்தின்படி, எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுவாசிக்கும் காற்றின் ஒரு கனமீற்றரில், நுரையீரலை எட்டக்கூடிய சிலிக்காத் துகள் சராசரியாக 50 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது. ஒரு கிராமின் இருபதினாயிரத்தில் ஒரு பங்கே அந்த அளவு என்றால், அபாயத்தின் தன்மை விளங்கும்.

இதனைத் தடுப்பதற்காகவே வெட்டுக் கருவிகளுக்குத் தூசு மூடி என்னும் துணையுறுப்பைப் பொருத்துகின்றனர். சுழலும் தட்டைச் சுற்றி ஒரு கூடு, கூட்டின் விளிம்பில் தூரிகை மயிர் அல்லது இறப்பர், கூட்டிலிருந்து வளையக்கூடிய குழாய், குழாயின் முடிவில் தூசை உறிஞ்சும் இயந்திரம், அதனுள்ளே வடிகட்டி. இவை யாவும் செவ்வனே பொருந்தியிருக்கும் வரைதான் உறிஞ்சும் வலிமை வெட்டும் இடத்தை எட்டும். இந்தப் பொருத்தத்தைக் குலைக்கும் பகைவர்களுள் ஒன்று வெப்பம் என்பதையே இன்று எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

முதலில், வெப்பம் எங்கிருந்து வருகிறது? நீரின்றிக் கல்லை அறுக்கும் தட்டு உராய்வினால் சூடேறுகிறது. அதிலிருந்து தெறிக்கும் துகளும் சூடானதே. கருவியின் மோட்டாரிலிருந்தும் வெப்பக்காற்று வெளிவருகிறது. நண்பகலில் திறந்த வெளியில் கிடக்கும் கரிய பிளாஸ்டிக் மூடி வெயிலிலேயே கையைச் சுடும். இம்மூன்றும் சேருமிடத்தில்தான் தூசு மூடி வேலை செய்யவேண்டியிருக்கிறது.

சூடேறிய பொருள் விரியும் என்பதைப் பாடசாலையிலே படித்திருக்கிறோம். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே அளவில் விரிவதில்லை. மூடிகள் பலவற்றைச் செய்ய உதவும் பிளாஸ்டிக்கு, உருக்கைக் காட்டிலும் ஆறேழு மடங்கு விரியக்கூடியது. 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்டிக் வளையமொன்று கருவியின் உருக்குக் கழுத்தில் மாட்டப்பட்டிருக்கிறதெனக் கொள்வோம். இரண்டும் 40 செல்சியசு பாகை சூடேறினால், வளையம் கழுத்தைவிட ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கூடுதலாக விரிந்துவிடும். அந்த அரை மில்லிமீற்றர், நுரையீரலைக் கெடுக்கும் துகளைப்போல் நூறு மடங்கு அகலமானது. காலையில் இறுக்கமாயிருந்த மூடி நண்பகலில் தளர்ந்து, கருவியின் அதிர்வினால் இடம் மாறுகிறது. இடைவெளியினூடாக வெளிக்காற்று புகுவதால், வெட்டும் இடத்தில் உறிஞ்சும் வலிமை குன்றுகிறது. தட்டு வீசியெறியும் தூசு கூட்டிலிருந்து தப்பிவிடுகிறது.

வெப்பம் மேலும் ஏறினால் பிளாஸ்டிக்கு இளகத் தொடங்கும். சாதாரண வகைகள் சில 100 பாகையளவிலேயே உருக்குலையும். பொலிகாபனேற்று என்னும் வகை ஏறத்தாழ 145 பாகை வரை தாங்கும். ஒருமுறை வளைந்த விளிம்பு ஆறிய பின்னும் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. குளிர் நாடுகளிலோ இதற்கு மாறான தொல்லை. உறைநிலைக்குக் கீழே பிளாஸ்டிக்கு வகைகள் சில நொறுங்கும் தன்மை அடைகின்றன. குழாயும் விறைத்து, மடிக்கும்போது வெடித்துவிடுகிறது.

எமது நாட்டில் குளிரைவிட ஈரமே கவனத்துக்குரியது. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு எண்பது வீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளிகளை விடத் தொடங்கும். பகலில் வேலை செய்த உறிஞ்சும் இயந்திரத்தை இரவில் அப்படியே விட்டுவைத்தால், உள்ளிருக்கும் தூசு ஈரத்தை ஏற்றுக் கட்டியாகும். அது சீமேந்துத் தூசாயின் வடிகட்டியின் துணியிலேயே கல்லாக இறுகிவிடும். மறுநாள் காற்றோட்டம் குறையும். உறிஞ்சிய காற்றினாலேயே மோட்டாரைக் குளிரச் செய்யும் வகை இயந்திரங்களில், மோட்டாரும் கொதிப்படையும். இவ்வாறு ஒரு குறை மற்றொரு குறையைப் பெறுகிறது.

இதுவரை கூறியது மூச்சுக்கு வரும் தீங்கு. தீயினால் வரும் தீங்கும் உண்டு. இரும்பை அறுக்கும்போது பறக்கும் பொறி ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடையது. மரத்தூள் நிறைந்த பையினுள் அப்பொறி புகுந்தால், வெளியே தெரியாமல் மணிக்கணக்காகக் கனன்று, எல்லோரும் வீடு சென்ற பின்னர் பட்டறையையே எரித்துவிடக்கூடும். அலுமினியத் தூளோ இன்னும் கொடியது. அதற்கு வெளியிலிருந்து பொறிகூட வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு ஆகத்து 2ஆம் திகதி, சீனாவின் குன்சான் நகரில் வாகனச் சில்லுகளுக்கு மெருகிடும் தொழிற்சாலையொன்று வெடித்தது. தூசு சேகரிக்கும் கலத்தில் அலுமினியத் தூள் ஈரமுற்று, இரசாயன மாற்றத்தால் தானே சூடேறித் தீப்பற்றியதாக விசாரணையிற் கண்டனர். அவ்வாண்டின் முடிவுக்குள் இறந்தோர் தொகை 146. மக்களைக் காக்க வைத்த கலமே அவர்களுக்குக் கூற்றாயிற்று.

ஆகவே, இக்கருவிகளைக் கையாளும் அன்பர்கள் சிலவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மூடியின் இறுக்கத்தைக் காலையில் மட்டுமன்றி, வேலை நடுவே கருவி சூடாயிருக்கும் வேளையிலும் மின்சாரத்தைத் துண்டித்து, தட்டு நின்ற பின் சோதியுங்கள். கழுத்து வளையத்தின் ஓரத்தில் தூசுக்கோடு படிந்திருந்தால், அங்கே பொருத்தம் தளர்ந்துவிட்டதென அறியுங்கள். இடையிடையே தட்டை ஆறவிடுங்கள். மூடியையும் குழாயையும் வெயிலில் போடாதீர்கள். மாலைதோறும் வடிகட்டியைத் துப்புரவாக்கி, தூசை மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு, கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். மரத்துக்குப் பயன்பட்ட பையை இரும்புக்குப் பயன்படுத்தாதீர்கள்; அலுமினியத் தூளை வேறெதனோடும் கலக்கவிடாதீர்கள்; அதில் ஈரம் படவும் விடாதீர்கள். நீர் பாய்ச்சி அறுப்பது சூட்டையும் தூசையும் ஒருங்கே அடக்கும் நல்ல முறை. ஆயினும் அதற்கென அமைக்கப்படாத மின்கருவியில் நீரை ஊற்றுவது உயிருக்கே ஆபத்தாகும்.

உறிஞ்சும் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கிறது, பையிலும் தூசு சேர்ந்திருக்கிறது. ஆதலால் எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றதென எண்ணிவிடுவது எளிது. பையில் நாம் காண்பது பிடிபட்ட தூசை மட்டுமே. தப்பிச் சென்ற தூசு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் கணக்கைப் பல ஆண்டுகளின் பின்னர் நுரையீரலே காட்டும். அந்நாள் வரும்வரை காத்திராமல், இன்றே அந்த வளையத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.