ராஜாவின் நோய் அவளுக்குத் தெரியும்!

டெலிவிஷனில் ராஜா ராணிக் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை: "இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா? இல்லை, கதை கட்டுகிறார்களா?"

"நடக்காததையா எடுப்பார்கள்?" என்பாள் பாட்டி. "அத்தனையும் புளுகு!" என்பான் காலேஜில் படிக்கும் பேரன். இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் உண்டு. அதற்கு அத்தாட்சியாகக் கொரியா தேசத்துப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2003 செப்டம்பரில் கொரியாவில் ஒரு தொடர் நாடகம் ஆரம்பமாயிற்று. பெயர் 'தே ஜாங் கும்'. லீ யங் ஏ என்ற நடிகை கதாநாயகி. 2004 மார்ச் வரை 54 பகுதிகள் ஓடியது. அது நடக்கும் நேரத்தில் அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் வேறு எதுவும் பார்க்கவில்லையாம்! பிறகு ஹாங்காங், ஈரான் என்று கடல் கடந்தும் போய் வெற்றிக்கொடி நாட்டியது.

கதை இதுதான். தாய் தகப்பனை இழந்த ஜாங் கும் என்ற சிறுமி அரண்மனை மடைப்பள்ளியில் சேருகிறாள். சமையலில் கெட்டிக்காரியாகிறாள். பொறாமைக்காரர்களின் சூழ்ச்சியால் துரத்தப்படுகிறாள். வைத்தியம் கற்றுத் திரும்பி வந்து, கடைசியில் ராஜாவுக்கே வைத்தியம் செய்கிறாள்.

இதில் எது நிஜம்?

ஜாங் கும் என்று ஒருத்தி இருந்தது நிஜம். அரண்மனை வைத்தியச்சியாக இருந்ததும் நிஜம். அவள் சமையற்கட்டில் கரண்டி பிடித்ததாக எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, அந்தக் காலத்து அரண்மனையில் பெரிய விருந்துகளுக்கெல்லாம் அடுப்பருகே நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள்! ஆனால் நாடகத்தில் கண்ட பட்சணங்கள் பொய்யல்ல. கடைசி ராஜகுடும்பத்துக்குச் சமைத்த ஹான் ஹீ சுன் என்ற அம்மாளிடம் பாடம் கேட்டவர் ஹ்வாங் ஹே சோங். அவருடைய மகள் ஹான் போக் ரியோதான் நாடகத்தின் சமையலுக்கு ஆலோசனை சொன்னவர். ஆக, சமையல் நிஜம், சமையற்காரிதான் கற்பனை!

சரி, ஜாங் கும்மைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள அந்த நாட்டின் ஓர் அபூர்வ ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்.

கொரியாவை ஜோசன் வம்சத்து ராஜாக்கள் 1392 முதல் ஆண்டார்கள். அவர்கள் சபையில் சரித்திரம் எழுதுவதற்கென்றே உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். ராஜா வாய் திறந்தால் எழுதுவார்கள். மந்திரி பதில் சொன்னால் எழுதுவார்கள். எழுதியதைப் பார்க்க ராஜாவுக்கே அதிகாரம் கிடையாது. அவர் கண்ணை மூடிய பிறகுதான் அந்தக் குறிப்புகளை எடுத்துத் தொகுப்பார்கள். 1404ல் தேஜோங் என்ற ராஜா வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். எழுந்ததும், "சரித்திரக்காரனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாராம். அவர் விழுந்ததையும் எழுதிவிட்டார்கள். அப்படிச் சொன்னதையும் எழுதிவிட்டார்கள்!

இப்படி 472 வருஷத்துக்கு எழுதிய அந்த மகா சரித்திரத்தில் ஜாங் கும்மின் பெயர் ஏறக்குறையப் பத்தே இடங்களில் வருகிறது. அவள் எந்த ஊர், யார் பெற்ற பெண், கல்யாணம் ஆனதா, எப்போது இறந்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்தப் பத்து இடங்கள் போதும், அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள.

பெண்ணுக்குப் பெண் வைத்தியர் ஏற்பட்ட வரலாறும் கேட்கத் தக்கது. அந்நிய ஆண்பிள்ளை நாடி பிடித்துப் பார்ப்பதற்குக் கூசி, நோயைச் சொல்லாமலே எத்தனையோ பெண்கள் செத்துப் போனார்கள். 1406ல் ஓர் அதிகாரி இதை எடுத்துச் சொல்ல, ராஜா ஒப்புக்கொண்டார். குதிரையிலிருந்து விழுந்தாரே, அதே தேஜோங் ராஜாதான்! ஆனால் பெரிய வீட்டுப் பெண்களா இந்த வேலைக்கு வருவார்கள்? அரசாங்கத்து அடிமைக் குடும்பங்களிலிருந்து சிறுமிகளைப் பொறுக்கி எடுத்து, நாடி பார்ப்பதையும் ஊசி குத்தும் சிகிச்சையையும் கற்றுக் கொடுத்தார்கள். ராணியின் கையைப் பிடித்து நாடி பார்த்தாலும் அவர்கள் அடிமை ஜாதிதான். இன்னொரு கொடுமையும் உண்டு. 1506ல் சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்ட யோன்சன் என்ற கொடுங்கோலன், இந்த வைத்தியச்சிகளைச் சிங்காரித்து விருந்துகளில் வந்து நிற்கச் சொன்னான்.

அந்தக் கொடுங்கோலனுக்குப் பிறகு வந்தவர் ஜுங்ஜோங் ராஜா. அவர் காலத்தில்தான் நம் ஜாங் கும் வருகிறாள்.

வருவதே ஆபத்தோடு வருகிறாள். 1515ல் மகாராணிக்குப் பிரசவம். ஆண் குழந்தை! பட்டத்துக்கு வாரிசு பிறந்தான் என்று அரண்மனையே கோலாகலப்படுகிறது. சில நாட்களுக்குள் மகாராணி கண்ணை மூடிவிட்டாள். வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை.

பிள்ளை பெற்ற வீட்டில் சாவு என்றால் பழி யார் தலையில் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மருத்துவச்சியைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் மல்லுக்கு நின்றார்கள். மனைவியைப் பறிகொடுத்த ராஜா என்ன சொன்னார் தெரியுமா? பிரசவத்தை நன்றாகப் பார்த்தவள் அவள். பெரிய வெகுமதி பெற்றிருக்க வேண்டியவள். துக்கம் நேர்ந்துவிட்டதால் அது கிடைக்கவில்லை. பரிசு கொடுக்க முடியாமற் போனாலும் பிரம்படி கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, அடிக்குப் பதில் அபராதத்தோடு விடச் சொன்னார். இப்படி, பழியோடுதான் ஜாங் கும்மின் பெயர் சரித்திரத்தில் ஏறியது!

ஏழு வருஷம் சென்றது. 1522ல் ராஜமாதாவின் நோயைக் குணப்படுத்தியதற்காக அவளுக்கும் இன்னொரு வைத்தியச்சிக்கும் ஆளுக்குப் பத்து மூட்டை தானியம் கிடைத்தது. 1524ல் ராஜா ஓர் உத்தரவு போட்டார். மற்றவர்களைவிட ஜாங் கும்முக்குக் கைராசி சற்று அதிகம்; அந்தப்புரத்துக்கு வந்து போகிறாள்; ஆகையால் முழுச் சம்பளம் கொடுங்கள் என்று. இந்த இடத்தில்தான் 'தே', அதாவது 'பெரிய', என்ற சொல் அவள் பெயருக்கு முன்னால் வருகிறது. அது பட்டமா, அதே பெயருள்ள இளையவள் ஒருத்தியிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கா என்று பண்டிதர்கள் இன்னும் தர்க்கம் செய்கிறார்கள். 1533ல் ராஜா நோயிலிருந்து எழுந்தபோது அவளுக்குப் பதினைந்து மூட்டை தானியமும் துணிகளும் சம்மானம்.

கடைசிக் காட்சி 1544ல். ராஜா படுத்த படுக்கை. ஆண் வைத்தியர்கள் இல்லாமலில்லை. மந்திரிகளும் கவலையோடு வெளியே காத்திருக்கிறார்கள். அவர்கள் விசாரித்தபோது ராஜா சொல்லியனுப்பியது ஒன்றே: என் நோய் வைத்தியச்சிக்குத் தெரியும்!

ஜாங் கும் உள்ளேயிருந்து வந்து நிலவரம் சொல்கிறாள். ராத்திரி ராஜா எந்த ஜாமத்தில் தூங்கினார், நீர் பிரிந்ததா, மூன்று நாளாக வயிறு கட்டிக்கொண்டிருக்கிறதே, இவைதான் அவள் சொன்னவை. நாடகத்தில் வரும் காதலும் சவாலும் கண்ணீரும் இங்கே இல்லை. நம் வீட்டில் நோயாளிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தவள் காலையில் டாக்டரிடம் சொல்கிற அதே கணக்கு! ஒரு தேசமே அந்தக் கணக்குக்காக வாசலில் காத்திருந்தது. நடுவில் சற்றே தேறினாலும் அதற்கடுத்த மாதமே ராஜா காலமானார். பிறகு ஜாங் கும்மைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அந்தப் பத்து இடங்களும் அழிந்துபோயிருக்க வேண்டியவையே. சரித்திர ஏடுகளை நாலு ஊர்களில் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1592ல் ஜப்பானியர் படையெடுத்தபோது மூன்று ஊர்ப் பிரதிகளும் நெருப்புக்கு இரையாயின. மிஞ்சியது ஜோன்ஜு என்ற ஊர்ப் பிரதி ஒன்றுதான். அன் உய், சோன் ஹோங் ரோக் என்ற இரண்டு பண்டிதர்கள், ஒருவருக்கு அறுபது தாண்டிவிட்டது, மற்றவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அந்த ஏடுகளை நேஜாங் மலைக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்து இரவும் பகலும் காவல் காத்தார்கள். ராஜாக்களின் பெருமையைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஓர் அடிமைப் பெண்ணின் பெயரையும் சேர்த்தல்லவா காப்பாற்றிவிட்டார்கள்!

அடுத்த முறை ராஜா ராணி நாடகம் பார்க்கும்போது பேரன் "புளுகு" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சண்டைகளும் சபதங்களும் புளுகாகவே இருக்கலாம். ஆனால் சிம்மாசனத்துக்குப் பின்னால், மருந்துக் கிண்ணத்தோடு நிற்கிறாளே ஒருத்தி, அவளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நிஜம் அநேகமாக அங்கேதான் நின்றுகொண்டிருக்கும்.