காப்பவளைக் காப்பது யார்?

இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறான் மகன். வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய் கேட்கிறாள்: "யாரப்பா நீ? என் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லையே!"

பெற்றவள் கேட்கும் கேள்வி இது! உள்ளே கண் சிவக்க நிற்கிறாள் மருமகள். கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போகப் பார்த்த மாமியாரை இரவெல்லாம் தடுத்தவள் அவள். அவள் உறங்கி எத்தனை நாளாயிற்றோ!

இது பைத்தியமல்ல, செய்வினையல்ல, முதுமையின் குறும்புமல்ல. மூளையைத் தாக்கும் நோய். டிமென்ஷியா என்கிறார்கள் டாக்டர்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல்! அடியோடு குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. வீட்டாரின் கவனிப்பே பெரும் மருந்து.

அந்த மருந்தைத் தருவது யார்? மனைவி, மகள், மருமகள். குடும்பத்தார் தரும் கவனிப்பு நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூலி உண்டா? வார விடுமுறை உண்டா? எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய வர்க்கம் நாம். நம் வீட்டுக்குள்ளேயே 24 மணி நேர வேலை நடக்கிறது. அதற்குக் 'கடமை' என்று பெயர் சூட்டிவிட்டு நாம் தூங்கப் போகிறோம்!

சட்டம் என்ன செய்கிறது? தொழிலாளி நோயுற்றால் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை பணம் உண்டு. நோயுற்ற தாயைக் காக்க அவன் வீட்டில் தங்கினால் அந்தப் பணம் இல்லை. முதியோரைக் கைவிடுவோருக்குச் சிறை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சரிதான். கைவிடாமல் காப்பவருக்கு என்ன துணை என்று கேட்கிறோம்.

வழி இல்லாமலில்லை. ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. வீட்டில் நோயாளியைப் பேணுவோரின் ஓய்வூதியத்துக்கும் அதிலிருந்து பணம் கட்டுகிறார்கள். பக்கத்துக் கேரளம், படுக்கையில் கிடப்போரைப் பேணும் வீட்டாருக்கு மாதம் 600 ரூபாய் என்று திட்டம் வகுத்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் 'இதுவும் வேலை' என்று ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டதே!

நாம் கேட்பது மூன்று: தாலுகாதோறும் பகல்நேரக் காப்பகம், பேணுவோருக்கு மாத உதவித்தொகை, தொழிலாளிக்குச் சம்பளத்தோடு பராமரிப்பு விடுப்பு. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இவை ஏறட்டும்.

சர்க்கார் வரும்வரை கைகட்டி நிற்பதா? கூடாது, தோழர்களே! தாய் தவறாகச் சொன்னால் வாதாடாதீர்கள். "பிள்ளை வந்துவிடுவான் அம்மா, வா, காபி குடிப்போம்" என்று அழைத்துச் செல்லுங்கள். முந்தானையில் முகவரிச் சீட்டு ஒன்றை முடிந்து வையுங்கள். தெருவில் பத்துப் பேரிடம் சொல்லி வையுங்கள். இதில் வெட்கம் எதற்கு? முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது, கூப்பிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்தச் சனிக்கிழமை இரவு தாயின் கதவருகே நீங்கள் படுங்கள். அந்த மருமகள் ஓர் இரவாவது விடிய விடிய உறங்கட்டும்!