கட்டைக்கு அடியில் கொஞ்சம் தூசி

மோட்டார் ஓடவில்லை என்றதும் மோட்டாரே போய்விட்டது என்று கொங்கு நாட்டு விவசாயி முடிவுகட்டுவதில்லை. முதலில் ஸ்டார்ட்டரைத் திறந்து காண்டாக்ட் கருத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் செய்துகாட்டிய கோவையில் இது எல்லோரும் அறிந்த வழக்கம். ஆனால் கோயில் நோம்பியிலும் கல்யாண மண்டபத்திலும் வாசிக்கும் கீபோர்டில் ஒரு கட்டை ஊமையானால், ஒரு பட்டன் நான்கு முறை அழுத்திய பிறகே வேலை செய்தால், உடனே 'போர்டு போச்சு' என்கிறோம். பெரும்பாலும் போவது போர்டு அல்ல. காண்டாக்டில் அழுக்கு சேர்ந்திருக்கும்.

கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை ஒன்று நீளமாக ஓடுகிறது. அதில் சிறு குமிழ்கள். குமிழின் உட்புறம் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. கட்டையை அழுத்தினால் பொட்டு கீழே போர்டிலுள்ள கார்பன் கோடுகளைத் தொட்டு மின்சாரத்துக்கு வழி கொடுக்கிறது. விரலின் வேகத்தை உணரும் கீபோர்டில் கட்டைக்கு இரண்டு பொட்டு; ஒன்று முந்தும், மற்றது பிந்தும். இடைவெளி குறைந்தால் ஓங்கி அடித்ததாகக் கணக்கு. மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேச 1983-இல் வந்த மிடி (MIDI) முறை அந்த வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணாகக் குறிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றின் புழுதியோ, திருப்பூர்ப் பக்கத்துப் பஞ்சுத் துகளோ நடுவில் புகுந்தால் இந்தக் கணக்கு தப்புகிறது. மெல்லத் தொட்ட கட்டை திடீரென அலறும், அல்லது பேசாமலே இருக்கும்.

ஸ்டார்ட்டர் காண்டாக்டைப் போல உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதாதா என்று கேட்கலாம். கூடாது. அது உலோகம், இது மெல்லிய கார்பன் பூச்சு, தேய்த்தால் பூச்சே போய்விடும். எண்ணெய்ப் பசையுள்ள ஸ்ப்ரே இன்னும் அதிகத் தூசியைப் பிடித்து வைக்கும். மின்இணைப்பைத் துண்டித்து, பட்டையைக் கிழியாமல் தூக்கி, நார் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு லேசாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பொருத்துவதே முறை. திறந்தால் வாரன்டி போகும் என்ற அச்சம் நியாயமானது. அந்தக் காலம் முடியும்வரை சர்வீஸ் சென்டரிடமே விடலாம். எல்லாக் கோளாறும் அழுக்கு அல்ல என்பதும் உண்மை. ஒன்றிரண்டு கட்டைகள் மட்டும் தகராறு செய்தால் தூசியைச் சந்தேகிக்கலாம். சம இடைவெளியில் பல கட்டைகள் ஒன்றாக அடங்கினால், அவற்றை இணைக்கும் கம்பியிலோ போர்டிலோ பழுது இருக்கலாம். 'டிக்' என்று ஒலிக்கும் பட்டன்களுக்குள் சின்ன சுவிட்ச் இருக்கும். அது தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

பழுது பார்க்கும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாமே என்பார்கள். ஒரு துடைப்பில் தீரும் குறைக்காக நல்ல சர்க்யூட்டையும் ஸ்பீக்கரையும் மின்கழிவாக்குவதில் என்ன லாபம்? மிருதங்கக்காரர் கச்சேரிக்குக் கச்சேரி தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ரவை பிசைந்து ஒட்டுகிறார். அதை யாரும் வாத்தியத்தின் குறையாகச் சொல்வதில்லை. கீபோர்டின் குரல் சிப்பிலிருந்து வந்தாலும் அதைத் தொடுவது விரல்தான். வாசித்து முடித்ததும் ஒரு துணியால் மூடுவதும், காண்டாக்டைத் துடைப்பதும் வாத்தியம் பழகுவதில் சேர்ந்தவையே.