காலி நாற்காலியின் விலை

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் காலையில் தொடுத்த மல்லிகைச் சரம், இரவு கடை கட்டும் நேரத்தில் பாதி விலைக்கும் கிடைக்கும். பூக்காரர் ஏமாளியல்லர். மறுநாள் அது வாடிப்போகும் என்பதை அறிந்தே விலையை இறக்குகிறார். மீன் விற்பவர் கதையும் இதுவே. ஆனால் பூவினும் மீனினும் விரைவில் அழியும் சரக்கு ஒன்று உண்டு. அது விளையாட்டரங்கின் நாற்காலி. பூவுக்கு ஒரு பகல் ஆயுள் உண்டு. மீனுக்குப் பனிக்கட்டி உண்டு. கூடைப்பந்து ஆட்டத்திலோ, நடுவர் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கியபின், விற்காமற்போன நாற்காலியின் மதிப்பு நிமிடத்துக்கு நிமிடம் தேய்ந்து, ஆட்டம் முடிந்ததும் ஒன்றுமில்லாததாகி விடுகிறது. அதை நாளைக்கு எடுத்து வைக்க வழியில்லை.

அப்படியானால், பூக்காரரைப் போலவே ஆட்டம் தொடங்குமுன் வாயிலில் நின்று வந்த விலைக்கு விற்றுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது. விடை எளிதன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அரங்கில் 1,000 நாற்காலிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். சீட்டு 20 வெள்ளி என்றால் 400 பேர் வருவர். வசூல் 8,000 வெள்ளி. 10 வெள்ளி என்றால் 700 பேர் வருவர். வசூல் 7,000 வெள்ளி. இப்போது நிர்வாகிக்கு ஓர் ஆசை பிறக்கிறது. முதல் 400 பேருக்கு 20 வெள்ளிக்கு விற்றுவிட்டு, கடைசி நேரத்தில் 10 வெள்ளிக்கு இறக்கினால், மேலும் 300 பேர் வருவர். வசூல் 11,000 வெள்ளி ஆகும். முதல் ஆட்டத்தில் அப்படியே ஆகவும் கூடும். ஆனால் முன்பணம் கட்டியவர், பக்கத்து நாற்காலிக்காரரிடம் "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்காமலா இருப்பார்? அடுத்த ஆட்டத்துக்கு அந்த 400 பேரில் 300 பேர் கடைசி நேரத்துக்குக் காத்திருந்தால், 20 வெள்ளி கொடுப்பவர் 100 பேர், 10 வெள்ளி கொடுப்பவர் 600 பேர். வசூல் பழையபடி 8,000 வெள்ளிக்கே வந்துவிடுகிறது. எல்லோரும் காத்திருக்கப் பழகிவிட்டால் 7,000 வெள்ளிதான். இதற்கிடையில், முதலில் நம்பிக்கையோடு வந்தவரின் மனமும் கசந்துவிடுகிறது. அந்தக் கசப்பு எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படுவதில்லை.

பூக்கடைக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை? காலையில் பூ வாங்குபவருக்குக் கோயிலுக்கோ மணவீட்டுக்கோ அப்போதே பூ வேண்டும். இரவுப் பூ அவருக்கு உதவாது. ஆட்டத்தின் நாற்காலியோ, பத்து நாள் முன்பு வாங்கினாலும் பத்து நிமிடம் முன்பு வாங்கினாலும் ஒரே நாற்காலிதான்.

விமானத்தில் கணக்கு தலைகீழாக நடப்பதும் இதனால்தான். 2001ஆம் ஆண்டின் இறுதியில், கடன் சுமையோடு ஒரு வெள்ளி என்னும் பெயரளவு விலைக்குக் கைமாறிய ஏர் ஏசியா நிறுவனம், முந்தி வாங்குபவருக்கு மலிவாகவும் பிந்தி வருபவருக்குக் கூடுதலாகவும் விற்கும் முறையை நம் மக்களுக்கு நன்கு பழக்கிவிட்டது. கடைசி நேரத்தில் விமானச் சீட்டுத் தேடுபவர் பெரும்பாலும் போயே ஆகவேண்டியவர். வியாபார வேலையாகவோ, துக்க வீட்டுக்கோ புறப்பட்டவர். கடைசி நேரத்தில் விளையாட்டைப் பார்க்க வருபவரோ, வேறு வேலை இல்லாததால் எட்டிப் பார்ப்பவர். முன்னவரிடம் விலையை ஏற்றலாம் (அது அறமா என்பது வேறு கேள்வி); பின்னவரிடம் ஏற்றினால் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

நம் நாட்டில் கல்லூரி ஆட்டங்களுக்கு நுழைவுச் சீட்டு விற்பது பெரும்பாலும் வழக்கமில்லை. அமெரிக்காவிலோ கல்லூரிக் கூடைப்பந்து பெரிய வாணிபம். சிகாகோ நகருக்கு அருகில், எவன்ஸ்டன் என்னும் ஊரில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் அணி, தேசியப் போட்டித் தொடருக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றதே 2017ஆம் ஆண்டில்தான். அத்தகைய அணிக்குக் காலி நாற்காலிகள் புதிதல்ல. அப்பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர்களான சந்தீப் பாலிகாவும் ஜெஃப் ஈலியும் வகுத்துத் தந்த ஒரு முறை 2013ஆம் ஆண்டில் அங்கே நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் நிறம் ஊதா. ஆகையால் அதற்கு 'ஊதா விலை' என்று பெயர்.

ஆலந்து நாட்டுப் பூச்சந்தையில் ஏலம் மேலிருந்து கீழே இறங்கும். முதலில் கை காட்டியவருக்குச் சரக்கு. அவர் நிறுத்திய விலையே அவருக்கு விலை. 'ஊதா விலை'யும் மேலிருந்து படிப்படியாக இறங்குவதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடைசியில் விலை எங்கே நிற்கிறதோ, அதுவே எல்லோருக்கும் விலை. முன்பே கூடுதலாகக் கட்டியவருக்கு மிச்சப் பணம் திருப்பித் தரப்படும். ஆகவே முந்தி வாங்கியவர் ஏமாறுவதில்லை. காத்திருப்பவருக்கு மலிவு கூடுதலாகக் கிடைப்பதுமில்லை. இடம் தீர்ந்துபோகும் அச்சம் மட்டுமே மிஞ்சும். மிக எளிய யோசனை; ஆயினும் கூட்டம் வருமென்று எதிர்பார்க்கும் ஆட்டத்துக்குத்தான் பொருந்தும். இறங்கும் விலை, வராத ரசிகரைப் படைத்துவிடாது.

அப்படியும் மேலே சொன்ன அரங்கில் 20 வெள்ளி விலைக்கு 600 நாற்காலிகள் காலியாகவே இருக்கின்றன. அவற்றில் மாணவரை 2 வெள்ளிக்கு அமர்த்தினால் முன்பு வாங்கியவர் கோபிப்பாரா? மாட்டார். நேரத்தைப் பார்த்து விலையைக் குறைத்தால் எவரும் காத்திருந்து அதைப் பெறலாம். ஆளைப் பார்த்துக் குறைத்தால் அது நடவாது. காத்திருப்பதால் நாற்பது வயதுக்காரர் பள்ளி மாணவர் ஆகிவிட முடியாது. அமெரிக்கக் கல்லூரிகள் மாணவர்க்கெனத் தனிப்பகுதி ஒதுக்குவதில் இந்தச் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. அவர்கள் எழுப்பும் ஆரவாரம் விலை கொடுத்து வந்தவருக்கும் ஒரு விருந்து.

கோலாலம்பூரும் இந்த ஆட்டத்துக்கு அந்நியமன்று. ஆசியக் கூடைப்பந்து வெற்றியாளர் போட்டி 1977இலும் 1985இலும் இங்கே நடந்தது. கிள்ளான் துறைமுகத்து வெஸ்ட்போர்ட்ஸ் நிறுவனத்தின் பெயர் தாங்கிய மலேசியா டிராகன்ஸ் அணி, 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கின் வெற்றிக் கிண்ணத்தை வென்றது. ஆயினும் தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அத்தகைய ஆட்டத்தை அரங்கில் அமர்ந்து கண்டிருப்பர்?

இங்கேதான் ஒரு கணக்கு அடிக்கடி மறக்கப்படுகிறது. கிள்ளானுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்துப் பள்ளிக்கு நாற்பது இலவசச் சீட்டுகள் வந்தாலும், வாடகைப் பேருந்துக்குச் சில நூறு வெள்ளி வேண்டும். ஆட்டம் இரவில் முடிந்தால் சாப்பாடு வேண்டும். துணைக்கு இரண்டு ஆசிரியர் வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆட்ட நாள் மாலையில் தொலைபேசியில் "இடம் காலியாக இருக்கிறது, வாருங்கள்" என்றால் அது பள்ளிக்குப் பயன்படாது. இரண்டு வாரம் முன்னதாகவே, கூட்டம் குறையும் என்று தெரிந்த வார நாள் ஆட்டத்தைத் தேர்ந்து, சீட்டோடு பேருந்துச் செலவையும் ஆதரவாளர் ஒருவரிடம் பேசி வைப்பவரே அந்த நாற்பது நாற்காலிகளையும் உண்மையில் நிரப்புவார்.