லாரிக்குப் புதுப் பூட்டு: யார் கையில் இருக்க வேண்டும் சாவி எண்?

ஓசூர் மூக்கண்டப்பள்ளி சிப்காட்டில் லோடு ஏற்றிய லாரி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், ஓட்டுநர் காதில் இரண்டு யோசனைகள் விழும். சாவி லாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு வயரை நேராக இணைத்து ‘டைரக்ட்’ செய்துவிடலாம் என்பது ஒன்று. டீலரிடம் கட்டி இழுத்துப் போய் இக்னிஷன் லாக், கதவுப் பூட்டுகள், சாவிகள், கன்ட்ரோல் யூனிட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்பது மற்றொன்று. முதலாவது மலிவு, இரண்டாவது பத்திரம் என்ற கணக்கில்தான் பேரம் நடக்கிறது. அந்தக் கணக்கே தவறு. திருட்டுத் தடுப்புச் சாவி கொண்ட வண்டியில் எந்தப் பாகம் கெட்டது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும், புதுப் பூட்டின் சாவிகளையும் எண்ணையும் முழுதாகக் கையில் வாங்கும் உரிமையும் உரிமையாளருக்கு உண்டு. இவ்விரண்டையும் விட்டுக்கொடுத்தால் டீலரிடம் போனாலும் நஷ்டம்தான், ரோட்டோரப் பட்டறைக்குப் போனாலும் நஷ்டம்தான்.

பழைய டீசல் லாரியில் பூட்டு என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிகள் வந்த பிறகு எஞ்சினுக்கு டீசல் போவதையே கணினி தீர்மானிக்கிறது. இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்திய வண்டிகளில், சாவித் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிறு சிப் இருக்கும். பூட்டின் வாயைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு ரேடியோ அலையால் உயிர் கொடுத்து, அதன் எண்ணைப் படித்துக் கணினியிடம் சொல்லும். எண் பொருந்தவில்லை என்றால் எஞ்சின் உயிர் பெறாது. ஆக, ‘லாக் போய்விட்டது’ என்ற ஒற்றைப் புகாருக்குள் நான்கு தனித்தனிப் பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. சாவி நுழையும் சிலிண்டர் தேய்ந்திருக்கலாம். அதன் பின்னால் உள்ள மின் சுவிட்ச் கருகியிருக்கலாம். கம்பிச்சுருளோ அதன் வயரோ அறுந்திருக்கலாம். அல்லது சாவியின் சிப் சேதமாகியிருக்கலாம். சாவி திரும்பவே மறுத்தால் சந்தேகம் சிலிண்டர் மீதும் ஸ்டியரிங் லாக் மீதும் விழ வேண்டும். திரும்பியும் டாஷ்போர்டில் விளக்கே எரியாவிட்டால் பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச். விளக்கெல்லாம் எரிந்து, இம்மொபிலைசர் அடையாளம் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தால் சிப் அல்லது சுருள். இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்ப்பதே முதல் பரிசோதனை. அதில் வண்டி எடுத்தால் பூட்டின் மீது பழியில்லை. ஒரே கொத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவி தொங்கினாலும் சமிக்ஞை குழம்பும் என்பதை நினைவில் வைப்பது நல்லது. சிலிண்டர் மட்டும் தேய்ந்திருந்தால், பல மாடல்களில் பழைய சாவியின் சிப்பைப் புதுச் சாவிக்கு மாற்றிவிட்டாலே போதும், கணினியைத் தொட வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை எழுத்தில் தராமல் முழு செட்டுக்கும் மதிப்பீடு நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

‘டைரக்ட்’ செய்வதில் என்ன கெட்டுவிடும், வண்டி ஓடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பழுதான இக்னிஷன் சுவிட்ச் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் சாட்சி. ஓடும்போதே சுவிட்ச் தானாக நழுவி எஞ்சினை அணைத்தது. 2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. லாரியில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், ஏர் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் நிற்கும். தளர்ந்த சுவிட்சை வைத்து ஓட்டுவதும், அவசரத்தில் முறுக்கிய வயரை நம்பி ஓட்டுவதும் இந்த ஆபத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில் எஞ்சினை ஓடவிட்டு டீ குடிக்கப் போவதும் நடக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இல்லாமல் பொது இடத்தில் எஞ்சின் ஓடும் வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு தடை செய்கிறது. இம்மொபிலைசரின் மதிப்பையும் குறைத்து எடைபோட வேண்டாம். அமெரிக்காவில் 2015 மாடல் ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 விழுக்காட்டுக்குத்தான் அது தரப்பட்டிருந்தது. மற்ற நிறுவனங்களில் 96 விழுக்காடு. 2022இல் அந்த இரண்டு நிறுவனங்களின் கார்களைத் திருடுவது சமூக ஊடகத்தில் ஒரு விளையாட்டாகவே பரவியது.

லாரி களவு போன பிறகுதான் சாவியின் அருமை தெரியும். இழப்பீடு கேட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பவற்றில் ஒன்று, இரண்டு அசல் சாவிகள். பூட்டு மாறியிருந்து, அதற்கு ரசீது இல்லையென்றால் பழைய சாவிகளைக் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் ரசீதில் வண்டி எண், சேஸிஸ் எண், மாற்றிய பாகம், தேதி, ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை இருக்க வேண்டும். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கணினியில் பழைய சாவிகளின் பதிவு அழிக்கப்பட்டதா என்று எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. சாவியை வண்டியிலேயே விட்டதால் லாரி திருடுபோன வழக்கொன்றில், முழுத் தொகையையும் மறுப்பது சரியல்ல என்று கூறி 75 விழுக்காடு வழங்க உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி மறுக்க முடியாது என்று 2020இல் ஒரு டிராக்டர் வழக்கில் அது தீர்ப்பளித்தது. அத்திப்பள்ளியில் நிறுத்திய லாரி காணாமல் போனால் கர்நாடகப் போலீசிடமே போ என்று ஓசூரில் திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் நடந்த எல்லையைப் பார்க்காமல் தகவலைப் பதியச் சொல்கிறது. நகலும் இலவசம்.

சாவி எண்ணையும் கணினிக் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குத் தந்தால் திருடனுக்கே வழிகாட்டியதாகும் என்பது தயாரிப்பாளர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அமெரிக்காவில் பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்களுக்குப் பதிவேடு வைத்து, ஒவ்வொரு எண்ணையும் யார் வாங்கினார் என்று குறித்துத் தருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அங்கீகாரம் பெற்ற வெளிப் பட்டறைகளுக்கு அப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. இங்கே 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகமும் பழுதறியும் கருவியும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும், வெளியே வேலை பார்த்ததற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. அது கார்களைப் பற்றிய உத்தரவு, மேல்முறையீடுகளிலும் நீண்டது. ஆயினும் அதன் தர்க்கம் லாரிக்குக் கூடுதலாகவே பொருந்தும், நிற்கும் ஒவ்வொரு நாளும் லாரிக்காரருக்குத்தானே வருமானம் போகிறது.

லாரி வணிக வாகனம், நுகர்வோர் சட்டம் செல்லாது என்று மிரட்டுவார்கள். பெரிய டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துக்கு அது உண்மையாக இருக்கலாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் லாரியை வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 1995இல் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கமும் அதே வழியில் செல்கிறது. பூட்டு பெங்களூரில் மாற்றப்பட்டிருந்தாலும், ஓசூரில் குடியிருப்பவர் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். ஒரே மாடலில் பலருக்கும் இதே பூட்டு கெடுகிறதென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிட முடியும். ஆனால் தனித்தனியாகப் புகார்கள் பதிவானால்தான் அந்த எண்ணிக்கை சேரும்.

வழக்கில் கிடைக்கும் பணமெல்லாம் பின்னால் வரும், லோடு இப்போதே நிற்கிறதே என்பதுதான் கடைசி ஆட்சேபம், அதுவே வலுவானதும். பல நேரம் ‘டைரக்ட்’ செய்யச் சம்மதிக்க வைப்பது இ-வே பில் காலாவதியாகிவிடுமோ என்ற பயம். வண்டி பழுது என்று காரணம் காட்டி, கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த 8 மணி நேரம் வரை அதை நீட்டிக்கலாம். சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் ‘பி’ பகுதியில் புது வண்டி எண்ணைச் சேர்த்தால் போதும்.