இரவு வேலையும் அட்ரினல் சுரப்பியும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ளது பத்து காவான். ஒரு காலத்தில் தோட்டப்புறமாக விளங்கிய இவ்வட்டாரம், இன்று பெரிய தொழிற்பேட்டையாக வளர்ந்துள்ளது. 2014ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் திறக்கப்பட்ட, 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் இதனைத் தீவுடன் இணைக்கிறது. இத்தகைய தொழில் வட்டாரங்களில் இரவு வேலை செய்வோர், ஊர் விழிக்கும் நேரத்தில் உறங்கச் செல்கின்றனர். ஆனால், படுத்தாலும் உறக்கம் எளிதில் வருவதில்லை. இதற்கான காரணங்களுள் ஒன்று, நம் உடலில் உள்ள அட்ரினல் சுரப்பியின் செயற்பாடாகும்.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல ஒவ்வோர் அட்ரினல் சுரப்பி உள்ளது. அதன் உட்பகுதி அட்ரினலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதும் கால்கள் விரைந்து ஓடுவதும் இதனால்தான். வெளிப்பகுதி சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், உடலின் உப்பையும் இரத்த அழுத்தத்தையும் சீராக வைத்திருக்கிறது. அங்கேயே சுரக்கும் மற்றொரு ஹார்மோன் கார்டிசோல்.

கார்டிசோல் காலத்தோடு இணைந்து செயல்படுகிறது. விடியலுக்கு முன்னரே அதன் அளவு உயரத் தொடங்கி, கண்விழிக்கும் வேளையில் உச்சத்தை அடைகிறது. நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைகிறது. கண்வழி வரும் ஒளியைக் கொண்டு மூளை இந்த ஒழுங்கை அமைக்கிறது. ஆகவே, இரவு வேலை முடித்தவர் படுக்கும்போது, அவரது உடல் எழுந்து இயங்க ஆயத்தமாகிறது. உறக்கம் குறைகிறது. இந்நிலை பல ஆண்டுகள் நீடித்தால் நீரிழிவு, உடற்பருமன் முதலியவை ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

இருண்ட அறையில் உறங்குதல், நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்தல், வேலையின் பிற்பகுதியில் காப்பியைத் தவிர்த்தல் ஆகியவை ஓரளவு உதவும். எனினும், எல்லாச் சோர்வும் உறக்கக் குறைவால் வருவதன்று. தீராத சோர்வுடன் எடை குறைதல், எழும்போது தலைசுற்றல், தோல் கருமையடைதல் ஆகியவை காணப்பட்டால் அட்ரினல் சுரப்பி பழுதடைந்திருக்கலாம். 1855ஆம் ஆண்டில் தாமஸ் அடிசன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இந்நோயை விளக்கி நூல் வெளியிட்டார். இத்தகையோர் தாமாகவே மருந்து வாங்கி உண்ணாமல், உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இரவெல்லாம் உழைத்துவிட்டுத் தந்தையோ தாயோ பகலில் உறங்குவது சோம்பல் அன்று. அவர்கள் தங்கள் உடலின் இயல்புக்கு எதிராகப் போராடி உறங்குகின்றனர். அவ்வேளையில் திரைச்சீலையை மூடுவதும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதும் பிள்ளைகள் அவர்களுக்குச் செய்யக்கூடிய பேருதவியாகும்.